குண்டு விழுந்த தூரம்

கடலூரில் 1783 ஜூன் மாதம் நடந்த சண்டையில் செத்தவர்கள், சமாதானம் ஆகி ஐந்து மாதம் கழித்துச் செத்தவர்கள். பிரான்ஸும் இங்கிலாந்தும் வெர்சாய்ல்ஸில் முதற்கட்ட உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டது அந்த ஆண்டு ஜனவரி 20-ம் தேதி. செய்தி கடலூருக்கு வந்து சேரவில்லை. ஜூன் 13-ல் ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை, கடலூரில் அரண் அமைத்திருந்த புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையைத் தாக்கியது. அந்த ஒரே நாளில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள் அல்லது காயம்பட்டார்கள். 20-ம் தேதி இரு தரப்புக் கப்பற்படைகளும் கடலில் மோதின. 25-ல் பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து ஒருமுறை தாக்கிப் பார்த்தார்கள். மாதக் கடைசியில்தான் 'மெடியா' என்ற கப்பல் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு சமாதானச் செய்தியோடு வந்தது. இடையில் விழுந்தவர்களில் இந்நாட்டுச் சிப்பாய்களும் ஏராளம். அவர்களுக்கும் வெர்சாய்ல்ஸுக்கும் என்ன சம்பந்தம்? செய்தி வர நேரமானது, அதனால் செத்தார்கள்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் குடிகாடு. சிப்காட் ஆலைகளை ஒட்டிய ஊர். 2025 மே 8-ம் தேதி இரவு இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் டீக்கடை வாசலில் நின்று செல்போன் பார்த்த காட்சி, தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் நடந்ததுதான். முந்தைய நாள் அதிகாலையில் இந்தியா பாகிஸ்தான் மீது 'ஆபரேஷன் சிந்தூர்' தாக்குதலை நடத்தியிருந்தது. 8-ம் தேதி இரவு பாகிஸ்தான் சுமார் 300 முதல் 400 ட்ரோன்களை இந்தியாவின் 36 இடங்களை நோக்கி அனுப்பியதாக ராணுவம் மறுநாள் அறிவித்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் சண்டை, டீ ஆறுவதற்குள் கைக்கு வந்துவிட்டது. 1783-ல் செய்தி வரத் தாமதமானது. 2025-ல் நடக்காத சண்டையின் செய்திகூட முந்திக்கொண்டு வந்தது.

கராச்சி துறைமுகம் எரிகிறது என்று அன்றிரவு கோடிக்கணக்கானோர் நம்பினார்கள். தொலைக்காட்சிகளிலேயே அப்படிச் சொன்னார்கள். அதற்கு ஆதாரமாகச் சுற்றிய ஒரு வீடியோ, அந்த ஆண்டு ஜனவரி 31-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு சிறிய விமானம் விழுந்து நொறுங்கியபோது எடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். பாகிஸ்தான் அரசின் அதிகாரபூர்வ எக்ஸ் கணக்கிலேயே ஒரு வீடியோ கேம் காட்சி நிஜச் சண்டையாக ஏறியது. இரண்டு போர் விமானங்களை இழந்துவிட்டதாகப் பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் ஒப்புக்கொள்வது போன்ற ஒரு வீடியோ இந்தியாவில் பரவியது. உதட்டசைவையும் குரலையும் செயற்கை நுண்ணறிவு செய்து கொடுத்திருந்தது.

இந்தக் கேம் காட்சிகள் பெரும்பாலும் 'ஆர்மா 3' என்ற விளையாட்டிலிருந்து வருபவை. செக் நாட்டின் போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. விளையாடுபவர்களே புதிய ஆயுதங்களையும் விமானங்களையும் நாடுகளையும் சேர்த்துக்கொள்ள அதில் வசதி உண்டு. அதனால் சிரியா, ஆப்கானிஸ்தான், உக்ரைன், காசா என்று எங்கே போர் மூண்டாலும் அங்கே நடந்ததாகச் சொல்ல ஒரு காட்சி தயாராக இருக்கும். பொறுக்க முடியாமல் 2022 நவம்பரில் அந்த நிறுவனமே ஓர் அறிக்கை விட்டது. தங்கள் விளையாட்டுக் காட்சியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது. படம் மங்கலாக இருக்கும், கேமரா நிலையில்லாமல் ஆடும், பெரும்பாலும் இருட்டு, சத்தம் இருக்காது, மனிதர்கள் நடமாடுவது தெரியாது என்பது அதன் சாரம்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. புகையையும் தீயையும் இன்றைய கணினி அச்சு அசலாக வரைந்துவிடும். ஒரு மனிதன் பயந்து ஓடும்போது தோள் குலுங்குவதையும், கால் இடறுவதையும், துண்டு நழுவுவதையும் வரைவது கடினம். ஆகவே போலி வீடியோவில் பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார். சத்தத்தை எடுத்துவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. வெடி வெளிச்சம் உடனே கண்ணுக்கு வரும், ஓசை நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் மூன்று நொடி கழித்தே கேட்க வேண்டும். தீபாவளி ராக்கெட்டை மொட்டை மாடியில் நின்று பார்த்த பிள்ளைக்கு இது தெரியும். போலி வீடியோவில் வெளிச்சமும் ஓசையும் ஒன்றாக வந்தால் மாட்டிக்கொள்ளும்.

மங்கல்தான் பெரிய சிக்கல். வீடியோவை இணையத்தில் ஏற்றும்போது மென்பொருள் அதைச் சுருக்குகிறது. பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்தால் அவற்றை ஒன்றாக்கி நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. அதை ஒருவர் திரைப்பதிவு செய்து வேறு தளத்தில் ஏற்றுகிறார், இன்னொருவர் அதை வெட்டி ஸ்டேட்டஸ் வைக்கிறார். ஒவ்வொரு கை மாறும்போதும் கழிவு கூடுகிறது. அசல் கேமராவில் மட்டுமே இருக்கும் பொடிப்புள்ளி இரைச்சலும், கணினி வரைந்த படத்தில் மட்டுமே இருக்கும் வழவழப்பும் சேர்ந்தே கரைந்துபோகின்றன. கடைசியில் நிஜமும் விளையாட்டும் ஒரே கூழாக வந்து சேர்கின்றன.

அந்த வாரத்தின் இன்னொரு செய்தி அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சைரன் ஒலியை நிகழ்ச்சிகளுக்குப் பின்னணி இசையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று மே 10-ல் மத்திய அரசின் குடிமைப் பாதுகாப்பு இயக்ககம் ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு மட்டும் போடலாம். நாள் முழுக்க வரவேற்பறையில் சைரன் அலறினால், உண்மையில் ஊதும்போது மக்கள் டிவி என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதே பயம். மூன்று நாள் முன்புதான் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்திருந்தது. உயிர் காக்கும் ஓர் ஒலி, பரபரப்புக்கான பின்னணி இசையாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

பொழுதுபோக்கு போருக்குள் நுழைந்த கதை இதைவிடப் பழையது. அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4-ல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கணினி விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களைப் படையில் சேர ஈர்ப்பதுதான் நோக்கம். 20 ஆண்டு நடத்தி 2022-ல் மூடினார்கள். 2018-ல் சேவைக்கு வந்த அமெரிக்கக் கப்பற்படையின் 'கொலராடோ' நீர்மூழ்கியில், வெளியே பார்க்கும் கருவியைத் திருப்ப எக்ஸ்பாக்ஸ் விளையாட்டின் கைப்பிடியையே வைத்தார்கள். அதற்கு முன் அந்த வேலையைச் செய்த கருவியின் விலை சுமார் 38,000 டாலர். புதிய கைப்பிடி சில பத்து டாலர்களுக்குக் கடையில் கிடைக்கும். விலை மட்டும் காரணமில்லை. பழைய கருவிக்கு மணிக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. இதைக் கையில் கொடுத்தால் இளம் மாலுமிகள் நிமிடங்களில் இயக்கினார்கள், ஏனென்றால் பத்து வயதிலிருந்தே அவர்களின் கட்டைவிரல்கள் பழகியிருந்தன.

அந்தக் கட்டைவிரல்தான் இன்று உக்ரைனில் போரிடுகிறது. 'எஃப்.பி.வி.' எனப்படும் ட்ரோன், பந்தயம் விடுகிற பையன்களின் பொம்மையாகப் பிறந்தது. கரிநார்ச் சட்டம் ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு மோட்டார், நடுவில் பேட்டரி, மூக்கில் கட்டைவிரல் நகம் அளவுக் கேமரா. அடிவயிற்றில் ஒரு ராக்கெட் குண்டின் தலையை, மூட்டை கட்டுவது போல, பிளாஸ்டிக் பட்டையால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மொத்த விலை 40,000 ரூபாய் அளவில் முடிந்துவிடும். இயக்குபவர் பதுங்குகுழியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ட்ரோன் பார்ப்பதை அவர் பார்ப்பார். பல கோடி ரூபாய் டாங்க் ஒன்றைத் துரத்திப் போய் அதன் பின்கதவில் மோதுவார். திரை கொசகொசவென்று ஆகி அணையும். அவர் அடுத்த ட்ரோனை எடுப்பார்.

இந்த ட்ரோன்கள் பலவற்றில் இருப்பது பழங்காலத்து அனலாக் வீடியோ. டிஜிட்டல் இவ்வளவு முன்னேறிய பிறகும் ஏன்? டிஜிட்டல் படத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க நேரம் பிடிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் பறக்கும் ட்ரோன் ஒரு நொடியில் 28 மீட்டர் போகும். பத்தில் ஒரு பங்கு நொடி தாமதமானாலும் மரம் மூன்று மீட்டர் கிட்டே வந்திருக்கும். படம் சுமாராக இருந்தால் போதும், உடனே வர வேண்டும்.

எதிரி சும்மா இருப்பானா? அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறான். திருவிழா மைக்செட்டுக்குக் கீழே நின்று பக்கத்து ஆளிடம் பேசினால் எப்படிக் கேட்காதோ, அப்படி ட்ரோனுக்கும் கட்டளை கேட்காது. இதற்கு மாற்றாக வந்ததுதான் கண்ணாடி இழை ட்ரோன். பிராட்பேண்ட் கேபிளுக்குள் இருக்கும் அதே இழை, கால் மில்லிமீட்டர் தடிமன். ட்ரோனின் வாலில் கண்டாகச் சுற்றி வைத்திருப்பார்கள். பட்டம் நூல் விடுவது போல விட்டுக்கொண்டே 10, 20 கிலோமீட்டர் போகும். வானொலி அலையே இல்லாததால் இரைச்சலால் தடுக்க முடியாது. கிழக்கு உக்ரைனின் வயல்களில் இந்த இழைகள் சிலந்தி வலையாகப் படர்ந்து வெயிலில் மினுங்கும் படங்களை உலகம் பார்த்துவிட்டது. அங்கே நாளை உழவு ஓட்டப் போகிறவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

உழவு என்றதும் இன்னொன்று. காவிரிக் கடைமடை வயல்களில் பூச்சிமருந்து தெளிக்க இப்போது பத்து லிட்டர் ட்ரோன் வருகிறது. அதே வகை உழவு ட்ரோன்களிலிருந்துதான் உக்ரைனின் கனரகக் குண்டுவீச்சு ட்ரோன்கள் பல கிளைத்தன. இரவில் அதன் உறுமலைக் கேட்டு நடுங்கிய ரஷ்ய வீரர்கள் 'பாபா யாகா' என்று நாட்டுக்கதைச் சூனியக்கிழவியின் பெயரை வைத்தார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்‌ஷா' மாணவர் குழு நடிகர் அஜித்குமாரை ஆலோசகராக வைத்துக்கொண்டு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பெற்றபோது, போட்டியின் கரு மருத்துவ அவசர உதவி. உயிர் காக்கும் ட்ரோனுக்கும் உயிர் எடுக்கும் ட்ரோனுக்கும் மோட்டார் ஒன்று, மென்பொருளும் பல நேரம் ஒன்று. ரஷ்யாவுக்குள் கடத்திச் சென்ற 117 ட்ரோன்களை லாரிகளின் மேல் மரக்கூண்டுகளில் ஒளித்து, 2025 ஜூன் 1-ல் உக்ரைன் அந்நாட்டு விமானத் தளங்களைத் தாக்கியது. அவற்றை வழிநடத்தியது 'ஆர்டுபைலட்' என்ற மென்பொருள்; பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர்கள் ஒன்றுகூடி எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தது. கட்டளை போனது ரஷ்யாவின் சொந்த செல்போன் கோபுரங்கள் வழியாக. தாக்கப்பட்ட தளங்களில் ஒன்றான பெலாயா, உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சைபீரியாவில் இருக்கிறது.

தூரத்தைப் பற்றிப் பேச கடலூருக்குத் தனி உரிமை உண்டு. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலாபக்கமும் சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் பெற்றன. முதல்நாள்வரை தன் ஊரில் உழுதுகொண்டிருந்தவன், குண்டு விழுந்த தூரத்தால் மறுநாள் கம்பெனிக் குடியானான். இன்று குண்டு விழும் தூரத்துக்கு நாலு மைல், ஐந்து மைல் கணக்கு இல்லை. செல்போன் சிக்னல் எட்டும் இடமெல்லாம் வட்டத்துக்குள்தான்.

இப்படிச் சொல்வது மிகையாகத் தோன்றினால் 2020-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சூடு இல்லாமலே நடந்த கைகலப்பில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். இரண்டு வாரத்தில், ஜூன் 29-ல், டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. செப்டம்பர் 2-ல் பப்ஜி உட்பட 118 செயலிகளுக்குத் தடை. பனிமலையில் நடந்த சண்டைக்கு ஒரு நாடு கொடுத்த பதிலடி, கிராமத்துப் பெண்கள் ஆடிப் பாடிக்கொண்டிருந்த ஒரு திரையை அணைத்தது. பையன்கள் திண்ணையில் கூடி விளையாடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்தியது.

பார்ப்பவனும் களத்தில் இருக்கிறான் என்பதை இந்தியா 2008 நவம்பர் 26-ல் தொடங்கிய மும்பைத் தாக்குதலில் கற்றது. ஹோட்டலுக்குள் இருந்த கொலையாளிகளை, பாகிஸ்தானில் உட்கார்ந்திருந்தவர்கள் இணையவழித் தொலைபேசியில் இயக்கினார்கள். கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது நேரலைத் தொலைக்காட்சி. கொலையாளிகளில் உயிரோடு பிடிபட்ட கசாப்பின் வழக்கில், 2012-ல் தந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. உடற்பயிற்சி செயலியான 'ஸ்ட்ராவா' உலகம் முழுக்க மக்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாக வரைந்து வெளியிட, இருண்ட பாலைவனங்களில் ரகசிய ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில். 2023 புத்தாண்டு இரவு கிழக்கு உக்ரைனின் மகீவ்காவில் தங்கியிருந்த ரஷ்ய வீரர்கள் வீட்டுக்குப் பேச செல்போனை ஆன் செய்தார்கள். அந்தச் சிக்னல்தான் ஏவுகணைகளை அழைத்துவந்தது என்று ரஷ்ய ராணுவமே சொன்னது. அது ஒப்புக்கொண்ட சாவு 89.

இவற்றையெல்லாம்விட மனத்தை உறுத்துவது உக்ரைனின் புள்ளிக் கணக்கு. ட்ரோன் படைகள் தாங்கள் தாக்கியதன் வீடியோவை ஏற்ற வேண்டும். சரிபார்த்துப் புள்ளி கொடுப்பார்கள். 2025-ல் டாங்க் ஒன்றை அழித்தால் 40. சேர்ந்த புள்ளியைக் கொடுத்து இணையச் சந்தையில் புதிய ட்ரோன் வாங்கலாம். திறமையான படைக்கு ஆயுதம் விரைவாகப் போய்ச் சேர இதைவிட நல்ல வழி இல்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் வாதிடுகிறார்கள். படையெடுப்புக்கு ஆளான நாடு, அதன் அவசரம் புரிகிறது. ஆனாலும் எதிரே இருக்கும் சிப்பாய்க்கும் அங்கே ஒரு விலைப்புள்ளி இருக்கிறது. சாவின் ஆதாரமே வீடியோவாகிவிட்ட பிறகு, அந்த வீடியோ பாட்டுச் சேர்த்து இணையத்தில் ஏறுகிறது, யாரோ மதியச் சாப்பாட்டின்போது பார்க்கிறார்கள்.

தமிழருக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1990-களின் கடைசியில் 'இன்டர்நெட் கரும்புலிகள்' என்று பெயர் சொல்லிக்கொண்ட குழு, இலங்கைத் தூதரகங்களின் கணினிகளுக்கு நாளுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் கொட்டித் திணறடித்தது. ஒரு நாட்டின் கணினிகள் மேல் தீவிரவாதக் குழு நடத்திய முதல் தாக்குதல் என்று அமெரிக்க உளவுத்துறை அதைப் பதிவு செய்தது. 2007-ல் இலங்கையும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலகக்கோப்பை இறுதியாட்டத்தை நள்ளிரவு தாண்டியும் கொழும்பு பார்த்துக்கொண்டிருந்தபோது, விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் வந்தன, நகரமே விளக்கணைந்தது.

பிறகு 2009. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து சில மாதம் கழித்து, ஆகஸ்ட் 25-ல் பிரிட்டனின் சேனல் 4 ஒரு செல்போன் வீடியோவை ஒளிபரப்பியது. கண் கட்டி, கை பின்னால் கட்டி, நிர்வாணமாக உட்காரவைக்கப்பட்டவர்களைச் சீருடைக்காரர்கள் சுட்டுக் கொல்வது அதில் இருந்தது. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். ஒருவர் வீடியோவைக் காட்சிச் சட்டகம் சட்டகமாகப் பிரித்துப் பார்த்தார்; வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, மேலே படம் ஏற்றிய அடுக்கு இல்லை. துப்பாக்கி நிபுணர், சுட்டதும் ஆயுதம் பின்னுக்கு உதைக்கும் விதத்தையும் குழல் வாயில் வெளியேறும் வாயுவையும் பார்த்தார். வெற்றுத் தோட்டா இப்படி உதைக்காது என்றார். சவப்பரிசோதனை மருத்துவர், உடல் சாய்ந்த விதமும் குருதி ஓடிய விதமும் நிஜச் சாவுக்குரியவை என்றார். 2010 ஜனவரியில், வீடியோ உண்மையானது என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுவதாக ஆல்ஸ்டன் அறிவித்தார். விளக்கம் கிடைக்காத சில அம்சங்களையும், பதிவில் இருந்த தேதிச் சிக்கல் உட்பட, ஒளிக்காமல் சொன்னார். எவனோ தன் வெற்றிக்குச் சாட்சியாகப் படம்பிடித்து வைத்தது, குற்றத்துக்குச் சாட்சியாக மாறியது.

இசைப்பிரியா விஷயமும் அப்படித்தான். புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர், திரையில் தெரிந்த முகம். சண்டையில் இறந்தார் என்று ராணுவம் சொல்லியிருந்தது. 2013 நவம்பரில் வெளியான காட்சியில் அவர் உயிரோடு, சிப்பாய்களின் பிடியில் இருந்தார்.

குடிகாட்டு டீக்கடையில் கைமாறும் கேம் வீடியோ இங்கேதான் பாரமாகிறது. சட்டப் பேராசிரியர்கள் பாபி செஸ்னியும் டேனியல் சிட்ரனும் சில ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார்கள்: போலி பெருகினால் மக்கள் போலியை நம்புவது பாதி ஆபத்து, உண்மையை நம்ப மறுப்பது மீதிப் பாதி. அதைப் 'பொய்யனுக்குக் கிடைக்கும் லாபம்' என்றார்கள். குற்றம் செய்தவன் இனி எதையும் மறுத்து நிரூபிக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் செய்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 2009-ல் அந்த வார்த்தையை முறியடிக்க மூன்று நிபுணர்களும் சில மாதங்களும் போதுமாக இருந்தன. துப்பாக்கி உதைப்பதையும் குருதி ஓடுவதையும் கணினி வரையப் பழகிவிட்டால், அந்தச் சோதனைகளில் பாதி செல்லாக்காசு.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-ல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் பிள்ளையின் படம், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டது. ஆண்டுகள் கடந்து போராட்டம் தொடர, பலர் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள். எங்கிருந்தாவது ஒரு பழைய போர்க்கால வீடியோ வெளிவந்தால் மற்றவர்கள் ஆயுதத்தையும் சீருடையையும் பார்ப்பார்கள். இவர்கள் திரையைக் கண்ணருகே கொண்டுபோய், நிறுத்தி நிறுத்தி, ஓரத்தில் மங்கலாகத் தெரிகிற முகங்களைப் பார்க்கிறார்கள்.